ஆற்றுப்படுத்தும் கல்வி

நுழையும்முன்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் பயணம் நிறைவுற்றது என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் கடினமான வழி அங்கேதான் தொடங்குகிறது. புதிய மொழியில் பாடம் கேட்டு, புதிய நிலத்தில் தனித்து வாழும் மாணவர்க்குப் பல்கலைக்கழகம் என்ன செய்தல் வேண்டும்? மாணவர் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. 2022-2023ஆம் கல்வியாண்டில் அந்நாட்டில் ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர்கள் பயின்றனர். நாடுவாரியாக நோக்கின் அவர்களுள் இந்தியாவிலிருந்து சென்றவர்களே மிகுதி. ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாட்டிலிருந்து செல்லும் மாணவர், தம் ஆங்கிலத் தகுதியை ஏதேனும் ஒரு வகையில் மெய்ப்பித்த பின்னரே சேர்க்கை பெறுகிறார். ஆயினும் வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களிலேயே அவர்களுள் பலர் மௌனமாகிவிடுகின்றனர். சொந்த ஊரில் முதல் மதிப்பெண் பெற்றவர், அங்கே கலந்துரையாடல் வகுப்பின் கடைசி இருக்கையைத் தேடுகிறார். அவருடைய அறிவு கடலைக் கடக்கும்போது குறைந்துவிடவில்லை. அறிவை வெளிப்படுத்தும் கருவியே அவர் கைக்கு இன்னும் பழகவில்லை.

சேர்க்கைக் கடிதம் வழங்கியவுடன் பல்கலைக்கழகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. மொழிப் பயிற்சியும் வாழ்க்கைக்கான ஆதரவும் கல்வியின் உறுப்புகள். அவற்றைச் சலுகை என்றோ இரக்கம் என்றோ கருதுவது பிழை.

தேர்வின் மொழியும் கல்வியின் மொழியும்

அயல்நாட்டுக் கல்விக்குச் செல்வோரின் ஆங்கிலத் திறனை அளக்கப் பல தேர்வுகள் உள்ளன. அவற்றுள் டோஃபல் தேர்வு 1964ஆம் ஆண்டிலும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு 1989ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு திறன்களை அளந்து, ஒன்பது வரையிலான அளவுகோலில் மதிப்பிடுகிறது. பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஆறு முதல் ஏழு வரையிலான மதிப்பை எதிர்பார்க்கின்றன.

இத்தேர்வின் எழுத்துப் பகுதி அறுபது நிமிடங்களுக்கு உரியது. அதில் ஒரு வினாவுக்குக் குறைந்தது 150 சொற்களிலும் மற்றொன்றுக்குக் குறைந்தது 250 சொற்களிலும் விடை எழுதுதல் வேண்டும். நூல்களைப் பார்க்க வேண்டியதில்லை. மேற்கோள் காட்ட வேண்டியதுமில்லை. பேச்சுத் தேர்வு பதினான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால், பல்கலைக்கழகம் கேட்கும் கட்டுரையோ பெரும்பாலும் 2000 அல்லது 3000 சொற்களைக் கொண்டது. பல நூல்களைக் கற்று, அவற்றுள் முரண்படும் கருத்துகளை ஒப்பிட்டு, தம் நிலைப்பாட்டைச் சான்றுகளோடு நிறுவுதல் வேண்டும். முன்னது குளத்தில் நீந்திக் காட்டுவது. பின்னது ஆற்று வெள்ளத்தைக் கடப்பது. குளத்தில் நீந்தத் தெரிந்தவர் ஆற்றையும் கடக்கக் கூடும். ஆனால், ஆற்றின் சுழல்களை யாரேனும் அவருக்கு முன்னரே உணர்த்துதல் வேண்டும்.

இவ்வேறுபாட்டை மொழியியல் அறிஞர்களும் சுட்டிக்காட்டியுள்ளனர். கனடா நாட்டில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் என்னும் அறிஞர், உரையாடல் மொழியும் கல்விசார் மொழியும் வெவ்வேறு என்பதை 1979ஆம் ஆண்டு முதல் எடுத்துரைத்தார். புலம்பெயர்ந்த பள்ளிச் சிறுவர்கள் ஏறத்தாழ ஈராண்டுகளில் புதிய மொழியில் சரளமாக உரையாடிவிடுகின்றனர்; ஆனால், பாடங்களுக்கு உரிய மொழியில் உடன்பயில்வோருக்கு இணையாக நிற்க ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படுகின்றன என்பது அவருடைய ஆய்வு உணர்த்தும் செய்தி. கடைத்தெருவில் தடுமாறாமல் பேசும் மாணவர், கட்டுரை எழுதும்போது தடுமாறுவதன் காரணம் இதுவே.

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், ஏறத்தாழ 35 இலட்சம் சொற்களைக் கொண்ட கல்வி நூற்பகுதிகளை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டார். துறை எதுவாயினும் கல்வி நூல்களில் மீண்டும் மீண்டும் வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் உள்ளன. அவை கல்வி நூல்களின் சொற்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக அமைகின்றன. பகுத்தாய்தல், கருத்தாக்கம், சான்று, கட்டமைப்பு போன்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களே அவை. அன்றாட உரையாடலில் அரிதாக வருவதால் அவற்றைப் பேசிப் பழகிக் கற்றுக்கொள்ள இயலாது, கற்பித்தல் வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பவே பல பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்பு தொடங்குவதற்கு முன், கோடை மாதங்களில் 'பிரீ-செஷனல்' என்னும் ஆங்கிலப் பயிற்சியை நடத்துகின்றன. தேவையான மதிப்பெண்ணுக்குச் சற்றுக் குறைந்தவர் சில வாரங்களும், மிகக் குறைந்தவர் பல வாரங்களும் பயில்கின்றனர். விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்தல், நீண்ட நூற்பகுதியைச் சுருக்குதல், மேற்கோளை முறைப்படி ஆளுதல், அவையில் கருத்துரைத்தல் ஆகியவை அங்குக் கற்பிக்கப்படுகின்றன. இப்பயிற்சியை மதிப்பெண் குறைந்தோருக்கான தண்டனைபோலக் கருதும் மனநிலை பலரிடம் உண்டு. உரிய மதிப்பெண் பெற்று நேரடியாக வகுப்புக்குள் நுழைந்தவரைக் காட்டிலும், இப்பயிற்சியில் கட்டுரை எழுதிப் பழகியவர் தெளிவாகத் தொடங்கக்கூடும். எனவே, படிப்புக் காலத்திலும் இத்தகைய பயிற்சி அனைவர்க்கும் கட்டணமின்றித் தொடர்தல் வேண்டும்.

எழுதப்படாத விதிகள்

மொழியின் தடைகளைவிட மறைவானவை பண்பாட்டின் தடைகள். அவை எந்தக் கையேட்டிலும் முழுமையாக எழுதப்பட்டிருப்பதில்லை.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது பெருவழக்கு. 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும் அழைத்துப் பழகிய நம் மாணவர்க்கு நா எழுவதில்லை. அழைக்கத் தயங்குபவர், வினா எழுப்பவும் தயங்குகிறார். ஒவ்வொரு பேராசிரியரும் மாணவர்களைச் சந்திப்பதற்கென வாரந்தோறும் சில மணி நேரத்தை ஒதுக்குவதும் அங்குள்ள வழக்கம். 'அவர்தம் நேரத்தை வீணாக்கலாகாது' என்று எண்ணிப் பணிவுடைய மாணவர் விலகி நிற்கிறார். 'இவர்க்கு ஐயம் எதுவும் இல்லைபோலும்' என்று பேராசிரியர் எண்ணுகிறார். ஒருவரின் மரியாதை மற்றவருக்கு அக்கறையின்மையாகத் தோன்றிவிடுகிறது.

வினாத்தாளும் இத்தகையதே. 'டிஸ்கஸ்' என்ற சொல்லைக் கண்டதும் நம் மாணவர் அறிந்தவற்றையெல்லாம் விவரித்து எழுதுகிறார். வினா கேட்பதோ, இருபக்க வாதங்களையும் சீர்தூக்கி ஒரு முடிவுக்கு வருதலை. 'எவாலுவேட்' என்பது நிறைகுறைகளை அளந்து மதிப்பிடச் சொல்கிறது. அந்த ஒரு சொல்லின் பொருள் தெரியாமையால், உழைத்து எழுதிய பத்துப் பக்கங்களும் மதிப்பிழக்கின்றன.

இவற்றினும் கொடியது கருத்துத் திருட்டு என்னும் குற்றச்சாட்டு. பாடநூலின் தொடர்களை மனத்தில் பதித்து அவ்வாறே எழுதுவதைத் திறமையெனப் பாராட்டும் கல்விமுறைகள் பல நாடுகளில் உள்ளன. அவ்வாறு பயின்றவர், பெரியோரின் சொற்களை மாற்றாமல் எழுதுவதே அவர்களுக்குச் செய்யும் மதிப்பு என்று கருதக்கூடும். அங்கோ, மூலத்தைக் குறிப்பிடாமல் ஒரு பத்தியை எடுத்தாளுதல் நேர்மைக்கேடு. விசாரணைக் குழுவின் முன் நிற்கும் நாளில்தான் ஒரு மாணவர் இவ்விதியை அறிந்துகொள்கிறார் எனில், அவருடைய தவற்றில் நிறுவனத்துக்கும் பங்குண்டு. கற்பிக்காத விதியைக் கொண்டு ஒருவரைத் தண்டிப்பது அறமாகாது.

உயிர் காக்கும் சிறு உதவிகள்

மொழியும் விதிகளும் வகுப்பறைக்கு உரியவை. வகுப்பறைக்கு வெளியேயும் ஒரு வாழ்க்கை உண்டு. அங்குக் கிடைக்கும் உதவியின் அருமையைக் கணிதமேதை சீனிவாச இராமானுசனின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையிலிருந்து கப்பலேறிய இராமானுசன், ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவருக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. ஹார்டி என்னும் ஒப்பற்ற கணித அறிஞரின் துணையும் அமைந்தது. ஆனால், குளிரும் தனிமையும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் அவரை வருத்தின. புலால் உண்ணாத அவர், தமக்குரிய உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். அப்போது கேம்பிரிட்ஜில் பயின்ற பிரசாந்த சந்திர மகலனோபிசு, பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்பட்டவர். அவர் ஒருநாள் இராமானுசனிடம், 'இரவில் குளிரில்லாமல் உறங்குகிறீர்களா?' என்று வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று இராமானுசன் கூறினார். மகலனோபிசு படுக்கையைப் பார்த்தார். போதிய கம்பளிகள் அங்கே இருந்தன. அவை படுக்கையின் மேல்விரிப்புக்குக் கீழே ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து உறங்குதல் வேண்டும் என்பதை இராமானுசனுக்கு யாரும் சொல்லவில்லை.

கம்பளிகள் இருந்தும் குளிரில் நடுங்கிய அந்த இரவுகள் இன்றும் தொடர்கின்றன. வடிவம் மட்டுமே மாறியுள்ளது. பிரித்தானியாவுக்குச் செல்லும் மாணவர், ஓராண்டுக்கு 776 பவுண்டு வீதம் மருத்துவக் கூடுதல் கட்டணத்தை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே செலுத்துகிறார். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள கட்டணம் இது. அதன்வழி அந்நாட்டின் பொது மருத்துவச் சேவை அவருக்கு உரிமையாகிறது. ஆனால், குடியிருக்கும் பகுதியின் மருத்துவரிடம் முன்னரே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை அறியாதவர், காய்ச்சல் கண்ட நாளில் திகைக்கிறார். உள்ளச் சோர்வுக்கு ஆலோசனை பெறுவதைப் பலர் இழிவாகக் கருதுகின்றனர். 1970ஆம் ஆண்டில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'நைட்லைன்' என்னும் சேவையில், பயிற்சி பெற்ற மாணவர்களே இரவு முழுவதும் தொலைபேசியில் சக மாணவர்களின் துயரங்களைச் செவிமடுக்கின்றனர். பின்னர்ப் பல பல்கலைக்கழகங்களில் பரவிய இச்சேவையும் அறியாதவர்க்கு மூடிக்கிடக்கும் கம்பளியே ஆகும்.

இராமானுசன் 1917ஆம் ஆண்டில் கடும் நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920ஆம் ஆண்டு ஏப்ரலில், 32ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நோய்க்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். எனினும், ஒருவரின் அறிவை வரவேற்கும் நிறுவனம் அவருடைய உணவையும் உறக்கத்தையும் உள்ளத்தையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும் என்னும் பாடத்தை நாம் மறத்தலாகாது.

தரம் குறையுமா?

'ஆங்கிலத்தில் பயில விரும்பிச் சென்றவர் அம்மொழியைக் கற்றுக்கொண்டு செல்ல வேண்டியதுதானே? உதவிகளைப் பெருக்கினால் கல்வியின் தரம் குறையாதா?' என்று சிலர் வினவுகின்றனர். மாணவர்க்குப் பொறுப்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயத்தமின்றிச் செல்பவருக்கு எந்த உதவியும் முழுப்பயன் தாராது. ஆனால், தரத்தைக் குறைப்பது வேறு. தரத்தை எட்டுவதற்கு ஏணி அமைப்பது வேறு. மேற்கோள் ஆளும் முறையைக் கற்பித்தால் தேர்வு எளிதாகிவிடுவதில்லை. மாணவரின் உண்மையான அறிவு விடைத்தாளில் வெளிப்பட வழி பிறக்கிறது. கல்விசார் ஆங்கிலம் பிறப்பால் வருவதன்று என்பதையும் இங்கு எண்ணுதல் வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் அதைப் பயின்றே பெறுகின்றனர். எழுத்துப் பயிற்சி மையங்களின் கதவுகளை அவர்களும் தட்டுகின்றனர்.

பொருளியல் நீதியும் இதில் அடங்கியுள்ளது. இங்கிலாந்தில் உள்நாட்டு இளநிலை மாணவரிடம் பெறத்தக்க ஆண்டுக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதித்துள்ளது. 2025-2026ஆம் கல்வியாண்டில் அது 9,535 பவுண்டு. அயல்நாட்டு மாணவரின் கட்டணத்துக்கு அத்தகைய வரம்பு இல்லை. பல படிப்புகளில் அது இருமடங்கையும் கடக்கிறது. அத்தொகைக்காக நிலத்தை விற்ற குடும்பங்களும் நகையை அடகு வைத்த குடும்பங்களும் உண்டு. சேர்த்துக்கொள்ளும்போது உலகளாவிய நிறுவனம் எனப் பெருமை பேசிவிட்டு, தடுமாறும்போது 'அது உங்கள் பொறுப்பு' என்று விலகுவது முறையாகாது.

நல்லெண்ணமும் சட்டமும்

பிரித்தானியாவில் அயல்நாட்டு மாணவர் நலனுக்கென 1968ஆம் ஆண்டிலேயே தேசிய அளவில் ஓர் அமைப்பு தோன்றியது. நல்ல சேவைகள் பல அங்கே வளர்ந்துள்ளன. எனினும், நிறுவனத்துக்கு நிறுவனம் அவற்றின் அளவும் தரமும் வேறுபடுகின்றன. ஆஸ்திரேலியாவோ ஒருபடி மேலே சென்று, 2000ஆம் ஆண்டில் அயல்நாட்டு மாணவர்க்கான கல்விச் சேவைகளைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. 2009ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்து பாதுகாப்புக் கோரினர். அதன் பின்னர் அரசு அச்சட்டத்தை மறுஆய்வு செய்வித்தது.

அச்சட்டத்தின்கீழ் 2018இல் நடைமுறைக்கு வந்த தேசிய நெறிமுறை, புதிய மாணவர்க்கு அவர்தம் வயதுக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற அறிமுக நிகழ்வை நடத்துதல் வேண்டும் என்கிறது. ஆங்கில உதவி, சட்ட உதவி, மருத்துவம், பணியிட உரிமைகள், குறைதீர்க்கும் வழி ஆகியவற்றை அங்கே தெரிவித்தல் வேண்டும். மாணவர் அணுகுவதற்கென அலுவலர் ஒருவரை அமர்த்துதல் வேண்டும். கற்றல் இலக்கை எட்டுவதற்கு நியாயமான உதவியைக் கூடுதல் கட்டணமின்றி வழங்குதல் வேண்டும். சட்டம் எழுதப்பட்டவுடன் எல்லாக் குறைகளும் நீங்கிவிடா. ஆயினும், 'தயவு செய்யுங்கள்' என்று கேட்கும் நிலையிலிருந்து 'எனக்கு உரியதைத் தாருங்கள்' என்று கேட்கும் நிலைக்கு மாணவரை அது உயர்த்துகிறது. ஏனைய நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றுதல் நன்று.

நம் வாயிலில் நிற்போர்

நாம் செல்வதைப் போன்றே நம்மை நாடியும் மாணவர் வருகின்றனர். 'இந்தியாவில் பயில்க' என்னும் திட்டத்தை நடுவண் அரசு 2018ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆசிய நாடுகளிலிருந்தும் வரும் மாணவர்கள் தமிழ்நாட்டுக் கல்வி நிறுவனங்களிலும் பயில்கின்றனர். நம் ஆங்கில ஒலிப்பு அவர்களுக்குப் புதிது. நம் உணவின் காரமும் புதிது. பேருந்தின் பெயர்ப்பலகையோ படிக்க இயலாதது. அயலகத்தில் நம் பிள்ளைகளுக்கு எதை வேண்டுகிறோமோ, அதை அவர்களுக்கு இங்கே வழங்குதல் நம் கடமை. பேச்சுத்தமிழைக் கற்பிக்கும் ஒரு சிறு வகுப்பும் உடன்வரும் ஒரு தோழமையும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

தமிழ்வழியில் பயின்று கல்லூரியில் ஆங்கிலவழிப் பாடத்தை எதிர்கொள்ளும் முதலாண்டு மாணவரும் ஒருவகையில் கடல் கடந்தவரே. அவருடைய மௌனத்தையும் அறிவின்மை என்று எண்ணிவிடலாகாது.

இன்றே தொடங்கும் ஆயத்தம்

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் நீங்கள் நாளை எங்குச் சென்று கற்பினும் அதற்கான ஆயத்தத்தை இன்றே தொடங்கலாம். நாள்தோறும் ஆங்கிலச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டு, அதன் சாரத்தை ஐந்து வரிகளில் எழுதுங்கள். ஒரே செய்தியைக் கூறும் இரண்டு கட்டுரைகளைப் படித்து, அவை வேறுபடும் இடத்தைக் கண்டறியுங்கள். பிறர் கருத்தை எழுதும்போது அது யாருடையது என்பதைக் குறிப்பிடுங்கள். வகுப்பில் ஒரு வினாவையேனும் வாய்விட்டுக் கேளுங்கள்.

தாய்மொழியை விட்டு விலகினால்தான் ஆங்கிலம் வசப்படும் என்னும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஒரு மொழியில் ஆழ்ந்து படிக்கவும் தருக்கமுறையில் எழுதவும் பெற்ற திறன் மற்றொரு மொழிக்கும் உதவும் என்பதை முன்னர்க் குறிப்பிட்ட கம்மின்ஸ் வலியுறுத்தியுள்ளார். தமிழில் ஒரு வாதத்தைச் சான்றோடு நிறுவத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் அதற்கான சொற்களைத் தேடினால் போதும். சிந்திக்கும் முறையைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

அனைத்துக்கும் மேலாக, உதவி கேட்பதற்கு நாணாதீர்கள். வழி கேட்பதும் வழி காட்டுவதும் தமிழ் மரபில் உயர்ந்த செயல்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் வறிய கலைஞருக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவதாக அமைந்த ஆற்றுப்படை நூல்கள் பத்துப்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்றான மலைபடுகடாம், வழியில் கிடைக்கும் விருந்தைச் சொல்வதோடு, வழுக்கும் இடங்களையும் மறைந்திருக்கும் குழிகளையும் சொல்லி எச்சரிக்கிறது. உளவியல் ஆலோசனையையும் வழிகாட்டுதலையும் 'ஆற்றுப்படுத்துதல்' என்று நாம் இன்று அழைப்பது இம்மரபின் தொடர்ச்சியே. முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு வழி சொல்வதும், அவ்வழியில் விளக்கேற்றி வைப்பதை நிறுவனங்கள் தம் கடமையாகக் கொள்வதும் ஒருங்கே நிகழுமாயின், எந்த நாட்டு வகுப்பறையிலும் எந்த மாணவரும் மௌனமாய் அமர்ந்திருக்க நேராது.